சிலைக்குக் கீழே ஒரு ‘று’

மார்ச் 3

என் பொடியனுக்கு,

தலை நரைத்தாலும் எனக்கு நீ பொடியன்தான். நலமா? இங்கே முழங்கால்தான் மக்கர் பண்ணுகிறது, வாய் நன்றாகவே வேலை செய்கிறது. அப்பாவின் நூற்றாண்டு விழாவுக்கு நீதான் செயலாளர் என்று பேப்பரில் பார்த்தேன். பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

சிலைக்குக் கீழே ‘மண் யாரையும் மறப்பதில்லை’ என்று செதுக்கப்போகிறீர்களாம். தபால்தலையிலும் அதுவேயாம். வேண்டாம்டா! அது என் தட்டச்சுப் பிழை. அப்பாவின் நாவலில் கேட்பாரற்ற பிணத்துக்குக் குழி வெட்டுகிறவன் சொல்வது, ‘மண் யாரையும் மறுப்பதில்லை.’ நீ தொட்டிலில் வீறிட்டு அழுதாய். ஒரு கையால் ஆட்டிக்கொண்டே ‘று’வுக்குப் பதில் ‘ற’ அடித்துவிட்டேன்.

புத்தகம் வந்ததும், “என் எழுத்தைக் கொன்னுட்டியே!” என்று கத்தினார் அப்பா. எட்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தலைவர்களெல்லாம் மேடைக்கு மேடை அந்த வரியை முழங்கியதும், “வெளியே மூச்சு விடாதே” என்றார். இத்தனை வருடம் விடவில்லை. கல்லில் ஏறுவதற்குள் திருத்திவிடு. கைப்பிரதியை அரசாங்கத்துக்குக் கொடுத்தபோது அவர் கையெழுத்தில் ‘மறுப்பதில்லை’ என்று இருக்கும் 212ஆம் பக்கத்தை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அம்மா


மார்ச் 10

அன்புள்ள அம்மா,

தூக்கிவாரிப்போட்டது. அமைச்சரின் பேச்சே அந்த வரியில்தான் தொடங்குகிறது. ஆனாலும் நீ சொல்வது நியாயம். ஆதாரம் இல்லாமல் குழுவில் வாயைத் திறக்க முடியாது. அந்தப் பக்கத்தை அனுப்பு. கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, நடந்ததை ஓர் அட்டையில் எழுதி, உன்னையும் குறிப்பிடச் சொல்கிறேன். நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பொடியன்


மார்ச் 14

கண்ணா,

பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல்கூட எடுக்கவில்லை. உன்னிடம்தானே தருகிறேன். அவருக்காக நாலாயிரம் பக்கம் அடித்தேன், ஒரு முன்னுரையிலும் என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. இப்போது அட்டையில் வரப்போகிறேன்! மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டேன். சிரிக்காதே, நானே படிக்க வேண்டும்.

அம்மா


ஏப்ரல் 20

அம்மா,

அவசரம். அழைப்பிதழ் இணைத்திருக்கிறேன். நான்காவது வரிசை. நிருபர்கள் யாராவது வந்தால் அந்த ‘று’ பேச்சை எடுக்காதே. விழா நல்லபடியாக முடியட்டும்.

செயலாளர்,
நூற்றாண்டு விழாக் குழு


மே 2

செயலாளர் அவர்களுக்கு,

விழா பிரமாதம். கல்லில் ‘மறப்பதில்லை’ பளபளக்கிறது. அமைச்சர் அதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. நானும் தட்டினேன், என் பிழைக்கு.

பிறகு கண்ணாடிப் பெட்டியைத் தேடிப் போனேன். 211 இருந்தது, 213 இருந்தது. நடுவே ஓர் அட்டை: ‘212ஆம் பக்கம் ஆசிரியரின் மனைவியால் தொலைக்கப்பட்டது.’ நம்ப முடியாமல் குனிந்து மறுபடி படித்தேன். காவலாளி வந்து, “கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, கண்ணாடியைத் தொடக்கூடாது” என்றான்.

என்னைக் குறிப்பிடச் சொல்கிறேன் என்றாயே, சொன்னபடி செய்துவிட்டாய். அப்பா என் வாயை அடைத்தார். நீ என்னைத் திருடியாக்காமல் விட்டதே பெரிசு. வயிறு எரிகிறதடா.

நான் போனதும் தூக்கிப்போட ஆளில்லாமலா போகும்? நீ வரவேண்டாம். மண் யாரையும் மறுப்பதில்லை. நான் மறுக்கிறேன். இனி என் வீட்டு வாசலை மிதிக்காதே.

இப்படிக்கு,
தட்டச்சுக்காரி