நிமிடத்துக்கு மூன்று விநாடி

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதினான்கு ஜோடி மூக்குக்கண்ணாடி லென்ஸ் சாணை பிடித்தேன். ஒன்று விளிம்பில் சில்லு போனது. முதலாளியம்மா திட்டவில்லை. அந்த லென்ஸை என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு முன்பக்கம் கடைக்குப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

சாப்பாட்டு நேரத்தில் செல்பேசியில் பார்த்தேன். ஆறு மாதமாக நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த சிந்தசைசர், சுருக்கமாக சின்த், பாதி விலைக்கு வந்திருக்கிறது. இருபதாம் தேதி வரை.

என்னிடம் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன. எல்லாமே மடிக்கணினிக்குள் இருக்கும் மென்பொருள்கள். ஒன்று இலவசம். ஒன்று, பழைய கீபோர்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவதைப் போன வருடம் முதல் சம்பளத்தில் வாங்கினேன். அதில் பாதிப் பொத்தான்கள் எதற்கென்று இன்னும் தெரியாது. சரி, முக்கால்வாசி.

அப்புறம் நான்காவது எதற்கு? அந்த மூன்றும் செய்யாததை இது செய்யும். நாம் பதிவு செய்த எந்தச் சத்தத்தை உள்ளே போட்டாலும் அதைத் தூளாக்கி, அந்தத் தூளை மெதுவாகப் பரப்பிவிடும். நான் செய்வது ஆம்பியன்ட் இசை. தாளம் கிடையாது, பாடல் வரி கிடையாது. அறைக்குள் வெளிச்சம் இருப்பதுபோல அது இருந்தால் போதும்.

பதினேழு நாள் இருக்கிறது. வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி, முடிவு என்னுடையதாக இருக்க வேண்டும். இதை எழுதி வைக்கிறேன்.

மார்ச் 4, புதன்

எங்கள் இணையக் குழுவில் கேட்டுத் தொலைத்தேன்.

அதில் முப்பது பேர் இருக்கிறோம். எல்லோரும் இதே மாதிரி இசை செய்பவர்கள். யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. வைத்துக்கொண்ட பெயர்கள்தான். நான் ‘மூலைவிட்டம்’. குழுவை நடத்துபவர் ‘ஈரத்துணி’. வருடத்துக்கு ஒருமுறை எல்லோருடைய டிராக்குகளையும் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிடுவார்கள். இந்த வருடத்துக்குப் பதினைந்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும்.

“மூணு சின்த் இருக்கு, இதை வாங்கலாமா?” என்று ஒரே வரிதான் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் ஈரத்துணி: “தங்கச்சி, உன்கிட்ட இல்லாதது சின்த் இல்ல. முடிச்ச ஒரு டிராக்.”

கீழே பதினொரு சிரித்த முகங்கள். ‘மூன்றாம் மாடி’ என்று ஒருவர்: “அடுத்த மாசம் அஞ்சாவது வாங்கலாமான்னு வருவா, பாருங்க.”

மடிக்கணினியைத் திறந்து எண்ணினேன். தொடங்கியவை நாற்பத்தொன்று. முடித்தவை —

எழுத மாட்டேன்.

அவர் சொன்னது சரிதான். சரியாக இருப்பதால்தான் இவ்வளவு எரிகிறது. அதுவும் தங்கச்சியாம்! எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள், அவளையே தாங்க முடியவில்லை.

மார்ச் 5, வியாழன்

அவள் இன்று நிரூபித்தாள்.

“மூணு வெச்சிருக்க. மூணும் ங்ங்ங்னுதான் சொல்லுது. நாலாவது மட்டும் என்ன, உன் பேரச் சொல்லிக் கூப்பிடுமா?”

“உன்கிட்ட எத்தனை செருப்பு இருக்கு?” என்றேன்.

“செருப்பு கால்ல போடறதுடி. நான் வெளிய போறவ.”

அம்மா நடுவில் புகுந்தாள். “டப்பா எவ்ளோ பெருசு? வைக்க இடம் இருக்கா?”

“டப்பா கிடையாதும்மா. கம்ப்யூட்டர்ல இறங்கும்.”

“கையில பிடிக்கவே முடியாதா? அப்ப ரிப்பேர் ஆனா எங்க தூக்கிட்டுப் போய் சண்டை போடுவ?”

“யாரு, இவளா?” என்றாள் அக்கா. “மிச்ச சில்லறை கேக்கறதுக்கே நான் கூடப் போகணும். இவ சண்டை போடுவாளாம்.”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதுதான் கோபம்.

தட்டைக் கழுவும்போது அக்கா மெல்லச் சொன்னாள். “எதையும் பாதியில விடறவ நீ. ஸ்கூலயும் அப்படித்தானே விட்ட.”

இல்லை. பத்தாம் வகுப்பில் ஒரு டீச்சர் என்னை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். எனக்குக் குரல் வரவில்லை. படிக்கும்வரை நில் என்றார். மணி அடிக்கும்வரை நின்றேன். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் போகவில்லை. அதற்கப்புறம் போகவேயில்லை. பாதியில் விட்டேன் என்று யார் சொன்னது? முழு வகுப்பும் நின்றேனே. அவர்தான் பாதியில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மாவும் அக்காவும் அத்தை வீட்டுக்குப் போனார்கள். எனக்கு வயிற்றுவலி. (இல்லை.)

அந்த சின்த்துக்கு ஒரு ட்ரயல் பதிப்பு இருக்கிறது. காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். எல்லாம் வேலை செய்யும். இரண்டு கட்டுப்பாடு மட்டும். நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று விநாடி சத்தம் நின்றுவிடும். அப்புறம், எதையும் சேமிக்க முடியாது. மூடினால் அவ்வளவுதான், துடைத்துப்போட்டதுபோல் போய்விடும். ஆசைகாட்டி வாங்கவைக்கும் வழி.

சாணை மெஷினின் சத்தத்தை நேற்றே பதிவு செய்து வைத்திருந்தேன். கண்ணாடி சக்கரத்தில் படும்போது வரும் கீச்சு, மேலே ஊற்றும் தண்ணீர், முடிகிறபோது தணியும் முனகல். முதலாளியம்மாவிடம் அனுமதி கேட்டதற்கு, “மெஷின் சத்தத்தையா? என் காது பாதி போனதே அதாலதான். எடுத்துக்கோ. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போ” என்றார்.

அதை உள்ளே போட்டேன். கீச்சு காணாமல் போனது. தூரத்தில் நிறையப் பேர் வாயை மூடிக்கொண்டு ஒரே சுரத்தில் முனகுவதுபோல ஒன்று எழுந்தது. அதன்மேல் தண்ணீர் துளித்துளியாக. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வழக்கமாக என்ன செய்வேன்? கொஞ்சம் செய்து, சேமித்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடுவேன். நாளைக்குக் கேட்டால் பிடிக்காது. இன்று மட்டும் ‘நாளைக்கு’ என்று ஒன்று இல்லை. மூடினால் போச்சு. அதனால் எழுந்திருக்கவில்லை. சத்தத்தை வெளியிலிருந்து பதிவு செய்யும் வேறொரு மென்பொருளில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு ஒரே அமர்வில் வாசித்தேன். பத்தொன்பது நிமிடம். கடைசிச் சத்தம் தேய்ந்து ஒன்றுமில்லாமல் ஆனபோது எனக்கே தெரிந்தது, இது முடிந்துவிட்டது.

நாற்பத்திரண்டாவது. முடிந்தது!

அந்தச் சூட்டிலேயே தொகுப்புக்கு அனுப்பினேன். கூடவே மூன்று சொல்: “முடிச்ச ஒரு டிராக்.” அனுப்பிவிட்டு செல்பேசியை அலமாரியில் துணிக்கடியில் திணித்தேன்.

மார்ச் 9, திங்கள்

அய்யோ.

லென்ஸைத் திருப்புவதற்காக மெஷின் நின்ற நொடியில் உறைத்தது. அந்த மூன்று விநாடிகள்! வெட்டி ஒட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். வாசிக்க வாசிக்கப் பழகிப்போய், மறந்தேபோய், அப்படியே அனுப்பியிருக்கிறேன். பதினெட்டு இடத்தில் ஓட்டை.

அந்தப் பதற்றத்தில் வலது கண் லென்ஸை இடது கண்ணுக்கு வெட்டிவிட்டேன்.

“இதப் போட்டுக்கிட்டு அந்த மனுஷன் பஸ்ஸுன்னு நினைச்சு லாரில ஏறுவாரு” என்றார் முதலாளியம்மா. இந்த முறை திட்டினார். நிம்மதியாக இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

செல்பேசியைத் திறக்க இவ்வளவு நேரம் ஆனது. கேலி செய்திருப்பார்கள் என்று பயந்தேன். பாராட்டியிருக்கிறார்கள்.

மூன்றாம் மாடி நான்கு பத்தி எழுதியிருக்கிறார். நிமிடத்துக்கு ஒருமுறை வரும் மௌனம் தன்னைத் தன் மூச்சை எண்ணவைத்ததாம். ஈரத்துணி: “இருபது வருஷமா பண்றேன். இப்படி நிறுத்தற தைரியம் எனக்கு வந்ததில்ல. தொகுப்புல இதான் முதல் டிராக்.” அதோடு விட்டாரா? “எல்லாரும் பாத்துக்குங்க. புதுசா எதுவும் வாங்காம, இருக்கறத வெச்சே பண்ணிக் காட்டியிருக்கா பொண்ணு.”

அந்தக் கடைசி வரியை நான்கு முறை படித்தேன். முதல் முறை சிரிப்பு வந்தது. நான்காவது முறை வரவில்லை. வாங்காதே வாங்காதே என்றவர்களில் ஒருவர்கூட அதைத் திறந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அந்த மௌனம் யாருடையது என்று தெரிந்திருக்கும்.

மார்ச் 11, புதன்

சும்மா இருந்துவிடலாம். சும்மா இருப்பதில் நான் கெட்டிக்காரி.

மார்ச் 13, வெள்ளி

சும்மா இருக்க முடியவில்லை.

சும்மா இருந்தால் முதல் டிராக் என்னுடையது. ஆனால் நான் ‘எதையும் வாங்காத பொண்ணு’ ஆகிவிடுவேன். அப்புறம் வாங்கினால் திருட்டுத்தனமாக வாங்க வேண்டும். போதாததற்கு, ட்ரயலில் செய்ததை வெளியிடக் கூடாது என்று விதிமுறையில் இருக்கிறது. இன்றுதான் படித்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எனக்கு மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வாங்கிவிட்டால் அது நிற்காது. சேமிக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம். என் நாற்பத்தொன்றும் அந்த ‘நாளை’க்குள்தானே கிடக்கின்றன? அப்படியானால் ஈரத்துணி சொன்னதுதான் சரியா?

தெரியல. தெரியவே இல்ல எனக்கு.

அக்கா என் ஹெட்போனைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் கேட்டாள். “என்னடி, நடுநடுவுல கரண்டு போகுதா?”

முப்பது பேருக்குத் தெரியாதது இவளுக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

“மத்தபடி எப்படி இருக்கு?”

“பயமா இருக்கு. ஆனா எடுக்கத் தோணல” என்று சொல்லிவிட்டு, முழுதும் கேட்ட பிறகுதான் ஹெட்போனைத் தந்தாள்.

மார்ச் 15, ஞாயிறு

நான்கு மணிக்குக் குழுவின் கூட்டம். குரல் மட்டும்தான், முகம் கிடையாது. ஒவ்வொருவராகத் தங்கள் டிராக்கைப் பற்றிப் பேசினார்கள். என் முறை வந்தது.

“மூலைவிட்டம், மைக்க ஆன் பண்ணு. அந்த மௌனத்தப் பத்தி ரெண்டு வார்த்தை” என்றார் ஈரத்துணி. கரகரத்த குரல். நான் நினைத்ததைவிட வயதானவர்.

பத்தாம் வகுப்பில் போலவே குரல் வரவில்லை.

“பேசும்மா. கடிச்சிட மாட்டோம்.”

மைக்கைத் தொடவில்லை. தட்டச்சு செய்தேன். “பேச மாட்டேன். எழுதறேன்.”

“சரி, எழுது.”

“அந்த மௌனம் நான் வெச்சது இல்ல. நீங்க வாங்க வேணாம்னு சொன்ன சின்த்தோட ட்ரயல் வெச்சது. நிமிஷத்துக்கு ஒரு தடவ அதுவா நிக்கும். வெட்ட மறந்துட்டேன். முழு டிராக்கும் அதுலதான் பண்ணினேன். நாளைக்கு அத வாங்கப் போறேன்.”

திருப்பிப் படித்தால் அழித்துவிடுவேன் என்று படிக்காமலே அனுப்பினேன்.

யாரோ ஒருவர் வீட்டு மின்விசிறி மட்டும் கேட்டது. பிறகு மூன்றாம் மாடி, மிகவும் பரிதாபமாக: “அப்ப நான் எழுதின நாலு பத்தி?” யாரோ வெடித்துச் சிரித்தார்கள்.

ஈரத்துணி சிரிக்கவில்லை. “இத எப்படிம்மா தொகுப்புல போடறது? எங்கள ஏமாத்தின மாதிரி இல்ல இருக்கு?”

“நான் ஒண்ணுமே சொல்லல. நீங்களா சொல்லிக்கிட்டீங்க. போடறது உங்க இஷ்டம். வாங்கறது என் இஷ்டம்” என்று தட்டச்சு செய்தேன்.

கூட்டத்தைவிட்டு வெளியே வந்தேன்.

மார்ச் 16, திங்கள்

வாங்கிவிட்டேன்.

“வந்துடுச்சா?” என்றாள் அம்மா.

“வந்துடுச்சு.”

“எங்க?”

மடிக்கணினியைக் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு துணியை எடுத்துவந்து மூடியைத் துடைத்துவிட்டுப் போனாள். வீட்டுக்குப் புதுச் சாமான் எது வந்தாலும் அவள் அப்படித்தான்.

மார்ச் 22, ஞாயிறு

தொகுப்பு வந்துவிட்டது. நான் அதில் இல்லை. முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை. “மனசுல வெச்சுக்காத தங்கச்சி, அடுத்த வருஷம் பாக்கலாம்” என்று ஈரத்துணி தனியாக அனுப்பியிருக்கிறார்.

மனசுல வெச்சுப்பேன். நல்லா வெச்சுப்பேன். என்ன பெரிய தொகுப்பு? நான் வாயத் திறக்காம இருந்திருந்தா முதல்ல போட்டிருப்பீங்கல்ல? போங்க.

அழுதேன். அக்கா பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மார்ச் 29, ஞாயிறு

உண்மையை எழுதுகிறேன். வாங்கியதிலிருந்து ஐந்து தொடங்கினேன். ஐந்தையும் சேமித்தேன். மறுநாள் ஐந்தும் பிடிக்கவில்லை. ஆக, முடிக்காதவை மொத்தம் நாற்பத்தாறு.

இதைக் கேட்டால் குழுவில் முப்பது பேருக்கும் பல் தெரியும். தெரியட்டும். வாங்கியது தப்பு என்று நான் சொல்லப்போவதில்லை. சேமிக்கும் பொத்தானைத் தொடுவதுதான் தப்பு. இனி தொட மாட்டேன். உட்கார்ந்தால் முடித்துவிட்டு எழுந்திருப்பேன், இல்லையென்றால் மூடிவிடுவேன், போவது போகட்டும். காசு கொடுத்து வாங்கிய வசதியைப் பயன்படுத்த மாட்டாயா என்று அக்கா கேட்பாள். கேட்கட்டும்.

ஏப்ரல் 4, சனி

மூன்று நாளாக மூன்றைத் தொலைத்தேன். ஒன்று நன்றாக இருந்தது. வயிறு எரிகிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

முடிந்தது. இருபத்தாறு நிமிடம். லென்ஸ் துடைக்கும் துணியின் சத்தம் மட்டும்தான் உள்ளே போட்டேன். எந்த இடத்திலும் நிற்கவில்லை.

குழுவில் போடவில்லை. ஈரத்துணிக்கு மட்டும் தனியாக அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது.

“எதுல பண்ணின? புதுசா வாங்கினியே, அதுலயா?”

“கேட்டீங்களா?”

“இப்பதான் ஆரம்பிச்சேன்.”

“இருபத்தாறு நிமிஷம் ஓடும். முழுசா கேட்டுட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்.”

படித்துவிட்டார். அதற்கான குறி வந்தது.

இதை எழுதும்போது பதினெட்டு நிமிடம் ஆகிறது. இன்னும் அவரிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. நல்லது. கேட்கட்டும்.