திரும்பி வராத மூன்று சென்டிமீட்டர்

தம்பிக்கு,

வேலை நெருக்கடி, வர முடியவில்லை என்று செய்தி அனுப்பியிருந்தாய். சரி.

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே நீ நட்ட செய்மதி அளவுக் கம்பம், மலை மூன்று சென்டிமீட்டர் நகர்ந்ததாகக் காட்டியபோது என்ன சொன்னாய்? "பயப்படாதீங்கக்கா. சந்திரன் இழுக்கிறதால தரையே தெனமும் ஏறி எறங்குது. அதைக் கணக்குல சரியாக் கழிக்கலைன்னா அளவு இப்படித்தான் தப்பாக் காட்டும்."

அம்மா சுவர் விரிசலுக்குக் குறுக்கே ஒரு கலண்டர் தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்தார். ஒன்பதாம் நாள் தாள் கிழிந்தது. அன்றைக்கே உன்னிடம் போனில் கேட்டார்: "சந்திரன் இழுத்தா திரும்ப விடணுமில்லப்பா? இந்தச் செவரு திரும்பி வரலியே." நீ சிரித்தாய்.

பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் பயந்து கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். படித்த மகன் சொல்லிவிட்டான் என்று அம்மா போகவில்லை. மண் சரிந்த அன்று காலை நான் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போயிருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உன் கம்பத்தை அதற்கு முந்தின நாளே உன் ஆபீஸ்காரர்கள் எடுத்துவிட்டார்கள். ஜீப் வந்து பத்திரமாக ஏற்றிப் போனது.

நம் காம்பரா சரியாக எந்த இடத்தில் இருந்தது என்று உன் கணக்கில் இருக்குமே, அதை அனுப்பு. எங்கே தோண்டுவதென்று எட்டு நாளாக எங்களுக்குத் தெரியவில்லை.

உன் அக்கா