அப்பா படுத்து வர ஒரு வேகன்

2004 ஜூலை 4, ஞாயிறு

காலையிலிருந்தே புழுதிக்காற்று. சர்ச்சில் பூசை முடிந்ததும் நேரே ஒரகடம். வழக்கமான டீக்கடை, வழக்கமான கூட்டம். எல்லாரும் வேகன்காரர்கள். காருக்குப் பின்னால் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டின மாதிரி நீளமான வண்டி. ஊரில் யாருக்கும் பிடிக்காது, அதனால் பழையது சல்லிசாகக் கிடைக்கும். எங்களுக்கு யோகம்.

இன்று வேடிக்கை பார்த்தவை:

தேவராஜ் (ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கடை) - புது சைலன்சர். சத்தம் ஜாஸ்தி, வேகம் அதேதான். யாரும் வாய் திறக்கவில்லை. மனுஷன் ஆசையாகப் போட்டிருக்கிறார்.

முருகேசன் (பக்கத்துக் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப், நாங்குநேரிக்காரன், என் வண்டி மாடலேதான் அவனுடையதும்) - முன்பக்கம் பெரிய பிரேக். அருமை. பொறாமையாக இருந்தது.

நான் - ஸ்பேர் வீல், தரைவிரிப்பு, அதற்கடியில் இருந்த கம்பளி எல்லாம் கழற்றி எடை குறைத்தது. கைதட்டல். ஒரு டீ அதிகம் குடித்தேன்.

அந்தப் பெருமையோடு ஆஸ்பத்திரி. அப்பாவுக்கு முதுகுத்தண்டு ஆபரேஷன் நன்றாக ஆறுகிறது, ஆண்டவருக்கு நன்றி. சனிக்கிழமை வீட்டுக்கு. ஆனால் உட்காரக் கூடாது, படுத்தபடியேதான் வர வேண்டும். ஆம்புலன்ஸ் சொல்லவா என்றேன். போகும்போது அதில் பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை.

"அந்த வண்டில இன்னொரு தபா ஏத்துனீனா நான் இங்கியே கெடந்துடறேன். உன் வண்டிதான் நீளமா கீதே, அதுல இட்டுனு போடி."

வாங்கின நாளிலிருந்து என் வண்டியைச் சவப்பெட்டி வண்டி என்று கிண்டல் பண்ணினவர்! டாக்டரைக் கேட்டேன். இடுப்பு பெல்ட்டோடு நேராகப் படுக்க வைத்துக் கொண்டுபோகலாமாம். தூக்கிப் போட்டால் உள்ளே வைத்த திருகாணி பெயர்ந்துவிடும், திரும்ப அறுக்க வேண்டியிருக்கும் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

தண்டலத்தில் திரும்பி மண்ணூர் வீட்டுக்கு வருவதற்குள் எனக்கே பல் ஆடிவிட்டது. வளைவில் சாயக் கூடாது என்று தேடித் தேடிக் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் போட்டேன், டயரும் மெல்லிசு. இந்தக் கட்டாந்தரையில் அப்பாவை எப்படி?

ஜூலை 5, திங்கள்

ஃபர்ஸ்ட் ஷிப்ட். வெயில். இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் நின்றபடி நாள் முழுக்க ஸ்பிரிங் நினைப்பு. நல்லவேளை, ஒரு ரிஜெக்‌ஷனும் தப்பவில்லை.

வாங்கும்போது என் வண்டியில் இருந்த பழைய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டும் முருகேசன் வண்டியில் இருக்கின்றன. எங்கள் கூட்டத்துப் பழக்கம் அது. கழற்றினதை விற்கக் கூடாது. யாருக்குத் தேவையோ அவர் வண்டிக்குப் போகும். வாங்கிக்கொள்பவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தரவேண்டும். இதுவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. டீ குடித்த வாயால் எப்படிக் கேட்பது?

மேலும் சனிக்கிழமை அவன் தங்கைக்கு நிச்சயதார்த்தம். அவளுக்கு வாங்கின கிரைண்டரை வண்டியில் ஏற்றி ஊருக்கு ஓட்டிப்போகப் போவதாகப் போன மாசத்திலிருந்து பேசுகிறான். என் குட்டை ஸ்பிரிங்கை அவனுக்கு மாட்டினால் வண்டி தாழ்ந்து, அந்தப் பாரத்தில் டயர் மேலே இடிக்கும். கேட்கப் போவதில்லை.

ஸ்பேர் கடைகளுக்கெல்லாம் போன். எல்லாருமே அடுத்த மாசம் என்கிறார்கள்.

ஜூலை 6, செவ்வாய்

சாயங்காலம் படப்பை, பாஷா பாய் ஷெட். எங்கள் வண்டிகளெல்லாம் அவர் கையில் வளர்ந்தவைதான். வேறு ஸ்பிரிங் இல்லாமல் குலுக்கலைக் குறைக்க வழி உண்டா என்று கேட்டேன். எதுக்கு என்றார். சொன்னேன். முருகேசன் காதுக்குப் போகக் கூடாது என்றும் சொன்னேன். அவர் தலை நிமிராமல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபத்தோடு வந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கும் அம்மாவுக்கு இட்லி கொடுத்துவிட மறந்தேன்.

ஜூலை 8, வியாழன்

பாஷா பாய் நம்பரிலிருந்து மிஸ்டு கால். ஷிப்ட் முடிந்து போனால், முருகேசன் வண்டி செங்கல் மேல் சக்கரம் இல்லாமல் நிற்கிறது. என் பழைய ஸ்பிரிங் நாலும் மண்ணெண்ணெயில் கழுவித் தரையில். பக்கத்தில் தேவராஜ் கொடுத்தனுப்பிய பருத்த டயர்கள். பாயிடம் ரகசியம் தங்குமா?

முருகேசன் லீவ் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். நல்லா திட்டினேன். நிச்சயதார்த்தத்துக்கு எப்படிப் போவாய், கிரைண்டர் என்ன ஆவது என்று கேட்டேன்.

"பஸ்ஸுல போவேன், எக்கா. கிரைண்டர மடியில வச்சுக்கிடுவேன். அப்பா மொதல்ல வீடு சேரட்டும்."

அழுதுவிட்டேன். கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்து, அது வேறு எரிச்சல். ஒரு தம்பி எனக்கு இல்லையே என்று சின்ன வயதில் எத்தனை முறை அம்மாவிடம் சண்டை போட்டிருப்பேன். இன்று அதுவும் தீர்ந்தது.

ஜூலை 9, வெள்ளி

மேகமூட்டம். ஸ்பிரிங், டயர் எல்லாம் மாட்டியாயிற்று. எங்கள் வழக்கப்படி, புதுசாக எதை மாட்டினாலும் வண்டிக்காரர் ஓட்டிப் பார்க்கக் கூடாது. இன்னொருவர் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் மனசு பொய் சொல்லும். பாஷா பாய் ஓட்ட, நான் பின்னால் மெத்தையில் படுத்துக்கொண்டேன், அப்பா படுக்கும் இடத்தில். மணிமங்கலம் போகும் சாலை.

என் வண்டியில் நான் படுத்ததே இல்லை. முன்பக்கம் பஞ்சு. பின்பக்கம் இன்னும் தூக்கிப் போடுகிறது. ஒரு பள்ளத்தில் என் இடுப்பே போயிற்று. பயந்துவிட்டேன், நாளைக்கு வேண்டாம் என்று வாய் வரை வந்துவிட்டது.

பாய் வண்டியை ஓரம் கட்டினார். "இது பாரம் ஏத்தற வண்டிம்மா. நீ எல்லாத்தியும் புடுங்கி காலியா வெச்சுக்கினுகீற. குதிக்காம இன்னா பண்ணும்?"

ஷெட்டுக்குத் திரும்பி கம்பளி, தரைவிரிப்பு, ஸ்பேர் வீல் எல்லாம் உள்ளே. மண்ணூரிலிருந்து எங்கள் வீட்டு அரிசி மூட்டைகளும் வந்தன. மெத்தைக்கு இரண்டு பக்கமும், சக்கரத்துக்கு மேலே. பைத்தியம் பிடித்த மாதிரி இத்தனை நாள் குறைத்த எடையெல்லாம் ஒரே சாயங்காலத்தில் திரும்ப ஏறிவிட்டது. நானே சிரித்துக்கொண்டேன்.

மறுபடி படுத்தேன். மறுபடி அதே சாலை. ஜன்னலில் புளியமரங்களின் உச்சி மட்டும் மெதுவாக நகர்ந்தது. அந்தப் பள்ளம் எப்போது வந்தது என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

ஜூலை 10, சனி

விடியற்காலையில் மழை. வழியெல்லாம் பள்ளத்தில் தண்ணீர், ஆழமே தெரியாது. முருகேசனிடமிருந்து ஒரு எஸ்.எம்.எஸ்: நிச்சயம் ஆரம்பிக்கப்போகுது, பாத்து ஓட்டுங்க எக்கா. பஸ்ஸில் மடி மரத்துப்போயிருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வார்டு பையன்கள் அப்பாவைப் பலகையோடு தூக்கி மெத்தையில் வைத்தார்கள். பக்கத்தில் அம்மா, அரிசி மூட்டை மேல். ஊசி போட்டிருந்தார்கள், அப்பா முனகிக்கொண்டிருந்தார்.

நான் சொல்லாமலேயே ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வேகன். தேவராஜ் முன்னால், பள்ளம் வந்தால் இன்டிகேட்டர் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. பாஷா பாய் பின்னால், லாரிகள் என்னை நெருக்காமல் இருக்க. வேகத்துக்காக உயிரை விடும் மூன்று வண்டிகள் மாட்டுவண்டி மாதிரி பூந்தமல்லியைத் தாண்டின. டவுன் பஸ்காரர் எட்டிப் பார்த்துத் திட்டினார். திட்டட்டும். கண்ணாடியில் பாய் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைந்து நிறைந்து வந்தது. இவர்களுக்கு நான் யார்?

தண்டலம் திருப்பம். பின்னாலிருந்து முனகல் சத்தம் நின்றுபோயிருந்தது. அம்மாவும் பேசவில்லை. கேட்கத் தைரியமில்லை. ஜெபம் பாதியில் மறந்து, திரும்ப முதலிலிருந்து சொன்னேன்.

வீட்டு வாசல். எஞ்சினை அணைத்தேன். இறங்கி ஓடிப்போய்ப் பின்கதவைத் தூக்கினேன். அம்மா உதட்டில் விரல் வைத்திருந்தாள். அப்பா மெல்லக் கண் திறந்தார், வண்டிக் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாடி, இன்னும் கெளம்பலியா?"