ராத்திரிக்கும் ஒரு வழி

நேற்று சாயங்காலம் பெங்களூர் காக்ஸ் டவுன் மாவு மில்லில் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தார்கள். சூடான மாவின் வாசனை தெரு வரைக்கும் வந்தது. வரிசையில் நின்ற பெண்களுக்கு நடுவே உன் முகத்தைத் தேடினேன். நீ இல்லாமல் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அந்த வறட்சிக் காலத்தில் நாம் இருவரும் காலை ரயிலில் மாலூர் போய், அங்கிருந்து பஸ் பிடித்துக் கிராமத்துப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போவோம். ஏரி வெடித்துக் கிடந்தது. போர்வெல்லில் காற்றுதான் வந்தது. பள்ளியில் மதியச் சாப்பாடு தொடங்கிய புதிது. அந்தச் சோறும் சாம்பாரும் நிறையப் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருந்தன. ஆனாலும் பயிர் போன குடும்பங்கள் கட்டட வேலைக்குப் பெங்களூர் கிளம்பியபோது பிள்ளைகளும் கூடவே போனார்கள். வகுப்பு காலியாகிக்கொண்டே வந்தது.

மஞ்சுளா நாலாம் வகுப்பு; வாய்பாட்டைப் பாட்டாகவே பாடுவாள். ஒரு சனிக்கிழமை அவள் அம்மா ரத்னம்மா வந்து, திங்கட்கிழமை ஊரை விட்டுப் போகிறோம், இவளும் வருகிறாள் என்றார். தலைமை ஆசிரியர் படிப்பின் அருமையை எடுத்துச் சொன்னார். நானும் சேர்ந்துகொண்டேன். ரத்னம்மா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நீதான், இவளை இங்கே விட்டுப்போக என்ன கஷ்டம் என்று கன்னடத்தில் கேட்டாய்.

"மத்தியானம் நீங்க போடுறீங்க மேடம். ராத்திரிக்கு யாரு போடுவாங்க?" என்றார் அவர்.

திரும்பி வரும் ரயிலில் நீ சொன்னாய்: "படிப்பைப் பத்தி நாம பேசினது போதும்டி. ராத்திரிக்கு ஒரு வழி பண்ணணும்."

மறுநாள் நீ எங்கள் சர்ச் வாசலில் என்னோடு நின்று, வருகிறவர்களிடமெல்லாம் கேழ்வரகு மாவு கேட்டாய். அல்சூரில் உங்கள் தெருவிலும் வீடு வீடாகக் கேட்டோம். திங்கட்கிழமை மூட்டையோடு போய் இறங்கினோம். பள்ளியில் சமையல் செய்யும் கௌரம்மா தன் வீட்டிலேயே களி கிண்டுவதாகவும், பெண்பிள்ளைகள் தன்னோடு படுத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். பெங்களூர் போகும் பஸ் வந்த பிறகும் ரத்னம்மா மகளின் கையை விடவில்லை. ஜுரம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"எம் பொண்ணுக்கு வந்தா எங்க கூட்டிட்டுப் போவேனோ, அங்கதான்," என்றாய். அப்போதுதான் கையை விட்டார்.

சொல்லி வைத்தாற்போல மஞ்சுளாவுக்கு ஜுரம் வந்தது. நீ அவளை அல்சூருக்கு அழைத்து வந்து, டாக்டரிடம் காட்டி, உன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாய். தேறியதும் ரத்னம்மா வேலை செய்த கட்டடத்துக்குக் கூட்டிப்போய் அம்மா கண்ணில் காட்டிவிட்டு, மறுபடி பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்தாய். அதே ஊர்க்காரர்கள் பலர் அங்கே செங்கல் சுமந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார்கள். கௌரம்மா வீட்டில் இடம் போதாமல் ஒரு வகுப்பறையையே அவர்களுக்காகத் திறந்துவிட்டார் தலைமை ஆசிரியர்.

மழை வந்தது. ரத்னம்மா குடும்பம் நிலத்துக்குத் திரும்பியது. மஞ்சுளா இப்போது மாலூரில் பி.யூ.சி. படிக்கிறாள். உன் சாவுக்கு அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். ரத்னம்மா என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்: "எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னாங்க. அவங்க மட்டும்தான் என்ன கஷ்டம்னு கேட்டாங்க."

எனக்கு இப்போது பெங்களூரிலேயே வேலை. ராய்ச்சூர் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். போன வாரம் ஒரு பெண் வரவில்லை. அவர்களுடைய தகரக் கொட்டகைக்குப் போனேன். திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்ற அம்மாவிடம், என்ன கஷ்டம் என்று மட்டும் கேட்டேன். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றார். அதையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன்.

இதை எழுதும்போது அந்தக் குழந்தை என் மேஜை ஓரத்தில் பாயில் தூங்குகிறது. அதன் அக்கா முதல் பெஞ்சில் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.