அம்மா கேட்பதற்காகக் காரில் பூட்டிய கசற் செற்

இன்று காலை யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்திக்கு அருகே ஒரு கராஜில், வான் ஒன்றுக்குப் பாட்டுச் செற் பூட்டிக்கொண்டிருந்தார்கள். வயர் கருகிய மணம் தெருவரை வந்தது. சைக்கிளை நிறுத்தி இறங்கிவிட்டேன். ஜெர்மனியில் நீ காலமான செய்தியை உன் தம்பி ரெலிபோனில் சொல்லி ஒரு மாதமாகிறது. அன்றைக்கு நான் அதிகம் ஒன்றும் கேட்கவில்லை. இந்த மணத்துக்குப் பிறகுதான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. மின்சாரம் இல்லை; கடைகளில் பற்றரியும் இல்லை. குருநகரில் ஷெல் விழுந்து உங்கள் வீட்டுக் கூரை போனபின், நீயும் உன் அம்மாவும் எங்கள் பக்கத்து வளவு வீட்டில் ஓர் அறை எடுத்து இருந்தீர்கள். கடலில் தொழிலுக்குத் தடை. வள்ள எஞ்சின் திருத்துகிறவன் நீ. திருத்த எஞ்சின் இல்லாமல் என் வாடகைக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாய். ஒரு சொட்டுப் பெற்றோலில் உறுமி எழும்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய ஒஸ்ரின் அது.

அப்போதுதான் கொழும்பிலிருந்து வந்த ஒருவர், ஜெர்மனிக்குப் போயிருந்த உன் தம்பியின் கசற்றைக் கொண்டுவந்து தந்தார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் கடிதத்துக்குப் பதில் பேசி அனுப்பியிருந்தான். மூன்று வருடமாக அவன் குரலை அவர் கேட்கவில்லை. சைக்கிள் டைனமோவை மிதித்து ஒரு ரேடியோவில் போட்டுப் பார்த்தோம். குரல் இழுபட்டு வந்தது. முதல் சொல்லிலேயே அம்மா நிறுத்தச் சொன்னார். “உது என்ரை பிள்ளையின்ரை குரல் இல்லை.”

என்னிடம் ஜப்பான் வான் ஒன்றிலிருந்து கழற்றிய கசற் செற் ஒன்று கிடந்தது. அதைக் காரில் பூட்டுவோம் என்றேன். இருவருக்கும் அதில் அனுபவம் இல்லை. சிவப்பு வயர் பற்றரிப் பக்கம், கறுப்பு வயர் காரின் தகட்டில். எல்லாரும் அப்படித்தான் பூட்டுவார்கள் என்று பூட்டினோம். சுவிச்சைப் போட்டதும் வயர் புகைந்து பியூஸ் எரிந்தது. வாசலில் நின்ற அம்மா நெஞ்சில் சிலுவை போட்டார்.

நீ பதறவில்லை. பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாய். “மச்சான், உன்ரை காரிலை எல்லாம் மாறிக் கிடக்கு. பிளஸ் தான் தகட்டிலை பூட்டியிருக்கு.” அதுதான் விஷயம். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்கள் அப்படி. சிவப்பைத் தகட்டுக்கும் கறுப்பைப் பற்றரியின் மைனசுக்கும் மாற்றினோம். செற்றின் இரும்புக் கூடு இனித் தகட்டில் முட்டக் கூடாது என்று அதற்குச் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றினாய். ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் தகட்டில் படாமல் தனியாக இழுத்தோம். புதுப் பியூஸ் கிடைக்காது. எரிந்ததிலேயே வயரின் ஒற்றை இழையைச் சுற்றிப் போட்டாய்.

அதற்குள் அம்மா அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். பரீட்சித்துப் பார்க்க இருந்தது அந்த ஒரு கசற்தான். போட்டோம். குரல் தெளிவாக வந்தது. “அம்மா, அண்ணையை அனுப்பிவிடுங்கோ. இஞ்சை எல்லாம் ஒழுங்கு பண்ணியிட்டன். நீங்கள் சொன்னாத்தான் அவர் வெளிக்கிடுவார்.”

நீ உடனே நிறுத்தினாய்.

“இதை அம்மா கேக்கக் கூடாது. கேட்டா என்னைப் போகச் சொல்லுவா.”

“போனா என்ன?”

“அவவை ஆர் பாக்கிறது? செற் எரிஞ்சு போச்செண்டு சொல்லுவம். புகை வந்ததை அவவும் கண்டவதானே.”



அடுத்த நாள் பூசை முடிந்து அம்மா நேரே காருக்கு வந்து முன் ஆசனத்தில் இருந்தார். நான் பக்கத்தில். பியூஸைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டு நீ வெளியே நின்றாய். நான் பொத்தானை அழுத்தினேன். சத்தமில்லை. “வேலை செய்யேல்லை அம்மா” என்றாய். அவர் கோபிக்கவில்லை. “பறவாயில்லை. நாளைக்கும் வாறன்” என்று மெதுவாக இறங்கப் பார்த்தார்.

உன்னை அது அசைத்துவிட்டது. “இருங்கோ அம்மா” என்று சொல்லிப் பியூஸைப் பூட்டினாய்.

அம்மா முழுவதையும் கேட்டார். திரும்பச் சுற்றச் சொல்லி இரண்டாம் முறையும் கேட்டார். பிறகு உன்னைப் பார்த்து, “எப்ப வெளிக்கிடுறாய்?” என்றார்.

“நான் போகேல்லை.”

“நான் உன்னைக் கேக்கேல்லை, சொல்லுறன். அப்பரைக் கடலுக்குக் குடுத்தது போதும். உன்னையும் இஞ்சை வைச்சுக் குடுக்க ஏலாது.”

நீ என் பக்கம் திரும்பினாய். “மச்சான், நீ பாப்பியோ?”

“ஓம்” என்றேன். யோசித்துச் சொன்ன சொல் அல்ல அது.

அடுத்த மாதம் நீ போனாய். அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்று வருடம் இருந்தார். தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது காருக்கு எண்ணெய் இல்லை; சைக்கிள் கரியரில் இருத்திக் கொடிகாமம் வரை உருட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் காய்ச்சலில் கிடந்து இறந்துபோனார். உனக்குச் செய்தி கிடைக்கவே இரண்டு மாதமாயிற்று.

பிறகு எப்போது ரெலிபோன் எடுத்தாலும் நீ ஒன்றைக் கேட்பாய். “கடைசியிலை அம்மா என்னைத் தேடினவவோ?” நான் ஒரே பதிலையே சொல்லிவந்தேன்: “இல்லை மச்சான், நித்திரையிலை போனவ.”

அது பொய். கடைசி மூன்று நாளும் அம்மா உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். என்னை நீ என்று நினைத்து, “நீ போகேல்லையோ?” என்று கேட்டார். “போகேல்லை அம்மா” என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாகப் படுத்தார். இதைச் சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்குமா, வலிக்குமா என்று இத்தனை வருடமாக என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

உன் பெயர் இந்த ஊரில் நிறையப் பேருக்கு உண்டு. தெருவில் யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், இப்போதும் நான் திரும்பிப் பார்க்கிறேன்.