கணவாய் மூடுவதற்குள்

கொடுமுடி
2.7.2025

அம்மணி சாஜி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கலீல் அண்ணன் தவறிய அன்று அத்தனை கூட்டத்தில் உன் கையைப் பிடித்ததோடு சரி. இப்போது உன் போனை ரைஹான்தான் எடுக்கிறான். அம்மா இத்தா இருக்காங்க ஆன்ட்டி, யார்கிட்டயும் பேசற நிலைமைல இல்லை என்கிறான். அவனைக் குறை சொல்லி என்ன, புருஷனைப் பறிகொடுத்த அம்மாவைப் பிள்ளை காபந்து பண்ணுகிறான்.

போன் திரையில் எழுத்தெல்லாம் எனக்கு ஈசல் மாதிரிப் பறக்கிறது. அதனால்தான் காகிதம். நீயும் எழுது. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில், கொட்டை கொட்டையாக எழுது. அப்படி எழுதினால் படித்துவிடுகிறேன்.

இந்த நேரத்தில் இதைக் கேட்கிறாளே என்று நினைக்காதே. ஆகஸ்ட் பயணம் என்ன ஆகும்? உன் பைக்கை ரயிலில் ஏற்றி சண்டிகரில் இறக்குவது, மணாலி தாண்டிக் கணவாய் ஏறி ஜான்ஸ்கர் பள்ளத்தாக்குக்குள் போவது, நீ ஓட்டுவது, நான் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது. மரம்கூட இல்லாத மலையையும் ஆளில்லாத வெளியையும் கண் அவிவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றேன். நீயும் அண்ணனும் ஒரே வாயாகச் சரி என்றீர்கள். போன வாரம் கண் டாக்டர், "அடுத்த கோடைக்குன்னு எதும் வெச்சுக்காதீங்க டீச்சர்" என்று சொல்லிப்போட்டார்.

சாப்பிடு. சாப்பிடாமல் கிடக்காதே.

உன்
லோகு

கோட்டைமேடு, கோவை
11.7.2025

லோகுவுக்கு சாஜியின் சலாம்.

எழுத்து போதுமாடி? இன்னும் பெரிதாக வேண்டுமானால் ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் வரும்.

வண்டி வீட்டு நடையில்தான் நிற்கிறது. அவர் மௌத்தாவதற்கு முந்தின வாரம்தான் பின்சீட்டுக்குச் சாய்மானம் வைத்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி வெல்டிங் பண்ணி முடித்தார். பள்ளம் வருவது டீச்சருக்குத் தெரியாது, அவங்க விழுந்தா உக்கடத்துல நான் பட்டறை வெச்சிருக்கறதுல அர்த்தமே இல்லை என்று சொல்லிச் சிரித்தார். தொழப் போகும்போதெல்லாம் அந்தக் கம்பி என் முழங்கையில் இடிக்கிறது. நகர்த்தி வைக்க ரைஹானை விடவில்லை.

இத்தா நாலு மாதம் பத்து நாள். அதுவரை வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. தீபாவளி கழித்துத்தான் முடியும். பனி எப்போது விழ ஆரம்பிக்கும் என்று விசாரித்து எழுது.

சாஜிதா

கொடுமுடி
3.8.2025

சாஜி,

இன்று ஆடிப்பெருக்கு. ஆற்றங்கரை முழுக்கச் சனம். அண்ணி என் கையைப் பிடித்துப் படியிறக்கிவிட்டார். காவிரி ரெண்டு கரையும் தொட்டுப் போகிறது என்றார்கள். எனக்கு நேர் முன்னால் ஒரு சொம்பளவு தண்ணீர்தான் தெரிந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன், மஞ்சள் கயிறு கட்ட வந்த பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்திலும் இனி ஓட்ட முடியாது. எறிந்த பந்து மூக்கில் பட்ட பிறகுதான் பந்து வந்தது தெரிகிறது. விளையாட்டு டீச்சருக்கு இது போதாதா?

விசாரித்தேன். தீபாவளி கழித்தென்றால் கணவாயில் பனி விழுந்துவிடுமாம், நம்மை மேலே விடமாட்டார்களாம். செப்டம்பர்தான் கடைசி.

சாஜி, நான் வேறு எதையும் உன்னிடம் கேட்டதில்லை. ஒரு பதினைந்து நாள் வந்துவிட்டுப் போய் மிச்ச நாளை இரேன். அந்தச் சாய்மானத்தை அண்ணன் எனக்காகத்தானே வைத்தார்? அவர் இருந்தால் போய்ட்டு வா என்றுதான் சொல்வார். உனக்கே தெரியும்.

லோகு

கோட்டைமேடு
12.8.2025

லோகு,

போய்ட்டு வா என்றுதான் சொல்வார். தெரியும். இருந்தால்தானே சொல்வதற்கு.

என்னை இங்கே யாரும் கட்டிப் போடவில்லை. கேட்டால் ரைஹான்கூட வாய் திறக்க மாட்டான். நானாகத்தான் இருக்கிறேன். அவர் கடைசியாகக் கழற்றிப் போட்ட சட்டையை இன்னும் துவைக்கவில்லை, கிரீஸ் வாசம் இருக்கிறது. இந்த நாலு மாதம் அவருக்கென்று மட்டும் எனக்குக் கிடைத்தது. அப்புறம் கல்யாணத்துக்கு வா, கடைக்கு வா என்று ஊர் என்னை இழுத்துக்கொண்டு போய்விடும். இதை நடுவில் அறுத்துக்கொண்டு வந்தால் அங்கே எனக்கு எந்த மலையும் தெரியாதுடி.

உன் கண்ணை நினைத்து அழுகிறேன். அவரை நினைத்து அழுகிறேன். எந்த நேரம் எதற்கு என்று எனக்கே தெரிவதில்லை. வேறு யாருடனாவது போய்ப் பார்த்துவிட்டு வாயேன். ஆர்.எஸ்.புரத்தில் தீபக் என்று ஒரு பையன் வருஷா வருஷம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறானாம். மனசில் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

சாஜிதா

கொடுமுடி
20.8.2025

சாஜிதா,

தீபக்கிடம் பேசினேன். பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போவதில்லையாம், கண் தெரியாத ஆளை அறவே வேண்டாமாம். மரியாதையாகத்தான் சொன்னான், நான் இன்னும் ரெண்டு மூன்று முறை கேட்டேன்.

போனவருக்கு இனி எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கிறது. எனக்கு இல்லை. உனக்கு அது விளங்கவில்லை.

லோகப்பிரியா

கோட்டைமேடு
27.10.2025

லோகு, எருமை,

செப்டம்பரில் மூன்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. உன் போனும் அடித்துக்கொண்டே கிடக்கிறது. இத்தா முடிந்துவிட்டதுடி. சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். அப்புறம் வெளியே வந்து முதல் காரியமாக வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். பத்து உதைக்கு மேல் உதைத்தபிறகு பிடித்தது. தெருவே எட்டிப் பார்த்தது.

கணவாய் மூடினால் மூடட்டும். மூடின இடம் வரைக்கும் போவோம். அதுவும் ஆகாதென்றால் ஜூனில் போவோம். நீ பார்க்காததை நான் பார்த்துச் சொல்கிறேன். இந்தக் காகிதம் முழுக்க எத்தனை பெரிதாக எழுதியிருக்கிறேன் பார். பதில் போடுடி.

உன்
சாஜி

கொடுமுடி
4.11.2025

சாஜி,

நான் சொல்லச் சொல்ல அண்ணி எழுதுகிறார்.

விநாயகர் சதுர்த்தி முடிந்த வாரம் வலது கண் போனது. இடதில் ஜன்னல் இருக்கும் பக்கம் மட்டும் வெளிச்சம் தெரிகிறது. உன் செப்டம்பர்க் கடிதங்களைப் பிரிக்கவே இல்லை. இதை மட்டும் அண்ணி படித்தார். எருமை என்று இருந்த இடத்தில் கூச்சப்பட்டு நிறுத்திவிட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

உன்மேல் கோபமில்லை என்று சொல்ல நினைத்தேன். கோபம் இருக்கிறது. நீ இத்தா இருந்தது சரி, உன் இடத்தில் நானும் அதையேதான் செய்திருப்பேன். அப்படியும் கோபம் போக மாட்டேன் என்கிறது. என்ன செய்யட்டும்?

ஜூனில் நான் வரவில்லை. நீ சொல்லிக் கேட்பதற்கு நான் ஆசைப்படவில்லை. பார்ப்பதற்குத்தான் ஆசைப்பட்டேன். அங்கே வந்து குளிரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்ப என்னால் முடியாது. அந்தச் சாய்மானத்தைக் கழற்றிவிடச் சொல் ரைஹானிடம், உன் முழங்கையாவது இடிபடாமல் இருக்கும்.

இனி எழுதாதே. உன் பேச்சை இன்னொருவர் வாயால் கேட்க முடியவில்லை. போனும் பண்ணாதே, உன் குரலைக் கேட்டால் வருகிறேன் என்று சொல்லிவிடுவேன்.

லோகு

சாஜிதா அம்மணிக்கு, லோகுவோட அண்ணி எழுதறதுங்க. பேரை நானே போடறேன்னு பேனாவை வாங்குனாங்க. பேப்பரைத் தாண்டி மேஜையில எழுதிட்டாங்க. மேல இருக்கற பேர் நான் எழுதுனதுங்க. அவங்க எழுதுனது மேஜையிலயே இருக்குது. நான் தொடைக்கலீங்க.