பொன்னம்மா உட்காரும் இடம்

முருகன் துணை

காஜா பேராங், மலாக்கா
8.12.1957

அன்பு மகன் தியாகுவுக்கு அம்மா ஆசியுடன் எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, புக்கிட் காதிலில் உன் தங்கச்சி விஜயா, அவள் பிள்ளை எல்லாரும் இன்றைய தேதிக்குச் சுகம். அங்கே பினாங்கில் உன்னைத் தண்ணீர்மலை முருகன் சுகமாக வைத்திருப்பான். அவன் மறந்தாலும் உன் முனிசிபல் பஸ் பார்த்துக்கொள்ளும், இப்போது உனக்கு அப்பா அம்மா எல்லாம் அதுதானே.

உன் கடிதம் வந்தது. அம்மா எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி, மிச்சமெல்லாம் பஸ். டிப்போவில் தினமும் பஸ்ஸைக் கழுவித் துடைக்கிறார்களாம், வழியில் ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்றை அனுப்புகிறார்களாம், நேரம் தப்பினால் இன்ஸ்பெக்டர் ஏன் என்று கேட்கிறாராம், ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் மணி ஆனால் கிளம்பியே ஆக வேண்டுமாம். உன் அப்பா அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்கப் படித்துக் காட்டுகிறார். எனக்கு வயிறு எரிகிறது. எவளோ ஒரு மருமகள் வந்து உன்னைப் பிரித்துக்கொண்டு போவாள் என்று மனசைத் தேற்றி வைத்திருந்தேன், ஒரு பஸ் வந்து கொண்டுபோகும் என்று யார் கண்டது? மருமகளாக இருந்தால் நாலு வார்த்தை சண்டையாவது போடலாம், பஸ் டிப்பார்ட்மெண்டோடு எப்படிச் சண்டை போடுவது? தீபாவளிக்கு வரவில்லை, அன்றைக்குத்தான் கூட்டமாம். மெர்டேக்காவுக்கும் வரவில்லை, அன்றைக்கு அதைவிடக் கூட்டமாம். நாட்டுக்கே சுதந்திரம் கிடைத்தது, என் பிள்ளைக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை.

அதெல்லாம் போகட்டும், யார் அந்தப் பொன்னம்மா? பெரியாஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற அம்மாள், விடிகாலை முதல் பஸ்ஸில் அவர் ஒருத்தர்தான், அவருக்காகவே அவ்வளவு பெரிய பஸ்ஸை விளக்கெல்லாம் போட்டு ஓட்டுகிறேன், எனக்குப் பின்னால் முதல் சீட்டில்தான் உட்காருவார், சில நாள் இடியப்பம் கொண்டுவந்து தருவார் என்று எழுதியிருக்கிறாய். இடியப்பமா? நான் பிழிந்த இடியப்பத்தைத் தொண்டையில் சிக்குது என்று தட்டோடு தள்ளிவிட்டவன்தானே நீ? பொன்னம்மா பிழிந்தால் மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறதோ! இதை உன் அப்பாவிடம் கேட்டால் சிரிக்கிறார். அவருக்கென்ன, அவர் பிழிந்த இடியப்பமா?

அந்த ஆத்திரத்தில்தான் உனக்குத் தெரியாமல் ஒரு காரியம் பண்ணினேன். பக்கத்து வீட்டு உமர் இங்கே பஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிற கிராணி வேலை பார்க்கிறார் இல்லையா, புக்கிட் காதில் போகிற பஸ்ஸுக்கு ஒரு டிரைவர் தேடுகிறார்கள் என்று அவர் வீட்டில் பேச்சு வந்தது. உடனே போய், முதலாளியிடம் சொல்லி அதை என் பிள்ளைக்கு வாங்கித் தாருங்கள் என்று கண்ணீர் விட்டுக் கேட்டேன். அவரும் பாவம், பேசி முடித்துவிட்டு வந்து, தம்பி பொங்கலுக்குள்ள வந்துட்டா வேலை அவனுக்குத்தான் அக்கா என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உடனே கிளம்பி வா என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன், அப்போதுதான் விஜயாவின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது.

ஓடினேன். பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது, கண்ணைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். நானும் விஜயாவும் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக உமர் கம்பெனியின் சாயந்திர பஸ்ஸில் ஏறினோம். மழை கொட்டுகிறது, எங்களைத் தவிர ஒரு சீனக் கிழவர்தான். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, கொஞ்சம் ஆள் சேரட்டும் அக்கா என்றான். பிள்ளை முனகுகிறது, விஜயா அழுகிறாள், ஆள் சேரவே இல்லை. கடைசியில் இந்த டிரிப் இல்லை, எறங்கிக்குங்க என்றான். நான் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவன் தலை குனிந்துகொண்டு, காலி பஸ்ஸ ஓட்டினா முதலாளி வேலையப் புடுங்கிடுவாருக்கா, எனக்கும் புள்ளைங்க இருக்கு என்றான். அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன் தியாகு. உன் வயசுதான் இருக்கும். அந்தக் கம்பெனியில் அதே மாதிரி ஒரு சீட்டில் உன்னைக் கொண்டுவந்து உட்கார வைக்கத்தான் நான் உமரிடம் கெஞ்சியிருந்தேன்.

மழையில் நடந்தோம். நல்ல வேளை, ஒரு காய்கறி லாரிக்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் விட்டார். ஊசி போட்டார்கள், காய்ச்சல் விட்டுவிட்டது, இப்போது வீட்டை இரண்டாக்குகிறாள், நீ பயப்படாதே. ஆனால் அந்த மழையில் நான் நினைத்தது சாமியை இல்லை, பொன்னம்மாவை. இதே மாதிரி மழை அங்கே பெய்தாலும் அவள் நனையாமல் என் பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்து போவாள் என்று நினைத்தேன். பெற்றவள் நான் நடக்கிறேன், அவளுக்கு என் பிள்ளை பஸ் ஓட்டுகிறான். பொறாமையில் அழுதேன், மழையில் விஜயாவுக்குத் தெரியவில்லை.

நேற்று உமரிடம் போய் அந்த வேலை என் மகனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்னிக்கு அப்படி அழுதீங்களே அக்கா என்றார். அன்றைக்கு அழுதேன், இன்றைக்கு வேண்டாம் என்கிறேன் என்றேன். நீ இங்கே வந்தால் தினமும் என் கையால் சாப்பிடுவாய், எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும். ஆனால் ஒருத்தி காய்ச்சல் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும்போது என் மகன் வாயால் எறங்கிக்குங்க என்று சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உன் அப்பா, சுதந்திரம்தான் வந்தாச்சே, நம்ம டவுன் கவுன்சிலும் ஒருநாள் பஸ் விடும் பாரு என்கிறார். விட்டால் மறுநாளே நீ இங்கே வந்து நிற்க வேண்டும், சொல்லிவிட்டேன். மழையில் நனைந்தால் தலையைத் துவட்டு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. பொன்னம்மா கொடுக்கிற இடியப்பத்தைச் சாப்பிடு, வேண்டாம் என்று அந்த மனுஷியின் மனசை நோகடிக்காதே. ஆனால் எங்கம்மா செய்வது போல் இல்லை என்று ஒரு தடவையாவது சொல்லிவிடு.

நோய் நொடி இல்லாமல், கை பிடிக்கிற வண்டி வழி தவறாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும் அப்பா. ஒன்றை மறந்துவிடாதே, தைப்பூசத்துக்கு நான் பினாங்கு வருகிறேன். விடிகாலை முதல் பஸ்ஸில் ஏறுவேன், அம்மா என்று சும்மா விடாமல் கண்டக்டரை டிக்கெட் கிழிக்கச் சொல். உனக்குப் பின்னால் முதல் சீட்டில் நான் உட்காருவேன். அன்றைக்கு ஒரு நாள் பொன்னம்மா தள்ளி உட்காரட்டும்.

உன் அம்மா
சந்திரமதி